கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு ஷாட்

நீங்கள் என்னைத் திரையில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் அப்பாக்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பார்கள். பொதட்டூர்பேட்டை லுங்கியை வாங்கி உறையைப் பிரித்தால் உள்ளே ஓர் அட்டை இருக்கும். அதில் ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். பதினொரு வருடம் அவன் நான்தான். என் முகம் நுழைந்த வீடுகள் எந்தக் கதாநாயகனுக்கும் வாய்த்திருக்காது. உள்ளே போன வேகத்தில் குப்பைக்கும் போயிருக்கும், அது வேறு விஷயம்.

லுங்கிக்குப் பிறகு ஜவுளிக்கடை விளம்பரங்கள். அதன்பின் சின்னப் படங்கள். ஐந்தாறு பேர் குழு, ஒரு கேமரா, ஒரு வேன். எடுத்து முடிக்க இரண்டு வருடமானாலும் கலையாத பிடிவாதம். திரையரங்குக்கு வராமல் விழாக்களில் மட்டும் ஓடுகிற படங்கள். நடிப்பதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. இப்போது அவ்வப்போது பயிற்சி வகுப்புகளுக்கு வந்து உங்களைப் போன்ற புதியவர்களிடம் பேசுகிறேன். சென்ற வகுப்பு முடிந்ததும் உங்களில் சிலர், கேமராவை ஒளித்துவைத்துப் பொது இடத்தில் எடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் வகுப்பில் நான் சொன்ன விதி ஒன்றில் பாதிதான் சரி என்று போன வாரம் தெரிந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆபத்தை எடைபோடத் தெரியாமல் நான் இந்தத் தொழிலில் இருந்ததில்லை. ஒருமுறை பள்ளிப்பட்டுப் பக்கம் மழைக்காலத்தில் படப்பிடிப்பு. ஆற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அதில் நான் மோட்டார் சைக்கிளில் கடக்க வேண்டும் என்றார் அந்தப் பட இயக்குநர். கரையில் மாடு ஓட்டி வந்த ஒருவரிடம் கேட்டேன்.

"நடுவுல பாலமே இல்லீங்க, போன வாரமே பிச்சிகினு போயிட்ச்சி" என்றார். "நீங்க சினிமாக்காரங்களாச்சே, பறந்து போவீங்கன்னு நெனச்சேன்."

வண்டியைத் திருப்பிவிட்டேன். இயக்குநர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதும் தெரியும். சொன்னதற்காக ஒரு வாய்ப்பும் போனதில்லை. நீங்களும் பயமில்லாமல் சொல்லலாம்.

அப்படிப்பட்டவன்தான் என் ஏழு வயது மகளை ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குள் நடிக்கக் கூட்டிப்போனேன்.

ஒரு தகப்பன் திருத்தணிக்கு வந்து மகளுக்கு மொட்டை போடுகிறான், காவடிக் கூட்டத்தில் அவளைத் தொலைத்துவிடுகிறான். படத்தின் கதை அவ்வளவுதான். இயக்குநர் முப்பது வயதுப் பெண், வேலூர்க்காரர், நல்ல உழைப்பாளி. மொட்டை போடச் சம்மதிக்கிற சிறுமி கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். என் மகள் பவித்ராவுக்கு முருகனிடம் ஒரு பிரார்த்தனை பாக்கியிருந்தது. "எப்படியும் போடப் போற மொட்டை. அவளே நடிக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன்.

என் மனைவி மாமன் மகள். என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"கிருத்திகைல கூட்டம் எப்டி இருக்கும்னு ஒனக்குத் தெரியாதா பாவா?" என்றாள்.

"நா பிறந்து வளந்த ஊரு. நா கூடவே தானே இருக்கப் போறேன்."

"நீ எங்க கூட இருக்கப் போற? நீ நடிச்சிகினு இருப்ப."

நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள். அதனால் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

ஏற்பாட்டில் நான் குறைவைக்கவில்லை. படத்தில் மகளின் பெயர் செல்வி. பவியிடம் ஒரு விதி சொல்லிப் பழக்கியிருந்தேன். "நைனா செல்வின்னு கூப்ட்டா வரக் கூடாது, ஒளிஞ்சிகினே இருக்கணும். பவின்னு கூப்ட்டா எங்க இருந்தாலும் ஓடியாந்துடணும்." வீட்டில் பலமுறை விளையாட்டாக ஒத்திகை பார்த்தோம். ஒருமுறைகூட அவள் தவறவில்லை. எனக்கு அந்த விதியில் பெருமை இருந்தது.

கிருத்திகை அன்று காலை மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மஞ்சள் கவுன் மாட்டினோம். முதலில் எடுத்தது அறிவிப்புப் பந்தல் காட்சி. அடிவாரத்தில், காணாமல் போனவர்களைப் பற்றி மைக்கில் சொல்வதற்கு ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். நான் அங்கே ஓடி, மகளைக் காணோம் என்று அழ வேண்டும். மைக் பிடித்திருந்தவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் முகம் நிஜமாக இருக்கும் என்பது எங்கள் கணக்கு. நான் அழுதேன். அவர் பதறி எழுந்து மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். அதற்குள் எங்கள் ஆட்கள் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார்கள். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"யோவ், லுங்கி அட்டைல நிக்கிற ஆளு தானே நீ? நெசம்னு நம்பி மைக்கையே எடுத்துட்டேனேய்யா" என்றார். கோபம் கொஞ்சம், சிரிப்பு கொஞ்சம். இன்னொரு தடவை எடுக்க அவரே ஒத்துழைத்தார். அப்போதும் கண்ணீர் விட்டேன். "நல்லாத்தான் அழுவுற. போ, போ, கூட்டம் நிக்கிது" என்று அனுப்பினார்.

தொழிலுக்கு வரும் உங்களுக்குச் சொல்கிறேன். உதவி கேட்பதற்கென்று ஊரில் சில இடங்கள் உண்டு. அந்த இடங்களில் பொய்யாக உதவி கேட்டு நடிக்காதீர்கள். உங்கள் கண்ணீரை அங்கே ஒருமுறை செலவழித்துவிட்டால் மறுமுறை அது செல்லாது.

பதினொரு மணிக்குத் தொலைகிற காட்சி. குளத்தை ஒட்டிய கடைத்தெரு. ஒரு டீக்கடை மாடியில் துணி மூடி கேமரா, அதன் பக்கத்தில் இயக்குநர். தெருவில் மாடியைப் பார்த்து நான் நிற்க வேண்டும். பவி என் கையை விட்டு, வலப்பக்கம் இருபதடி தள்ளியிருந்த வளையல் கடைக்குப் போக வேண்டும். அங்கே எங்கள் குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நின்று அவளைப் பிடித்துக்கொள்வார். நான் தேடி முடித்ததும் அக்கா கையிலிருக்கும் பச்சைக் குடையை மடக்குவார். அதுதான் ஷாட் முடிந்ததற்கு அடையாளம்.

கையை விட்டாள். நான் பத்து எண்ணிவிட்டு வலப்பக்கம் பார்த்தேன். "செல்வி. அம்மா செல்வி." பக்கத்தில் பூக்காவடிகள் வந்துகொண்டிருந்தன. அரோகரா சத்தத்துக்கு மேல் கத்தினேன். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். குடை மடங்கவில்லை. அந்த அக்கா குடையைப் பிடித்தபடியே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாப்பா எங்கங்க?"

"உங்ககிட்ட தானே வந்தா?"

"வரலீங்களே. காவடி வந்துச்சேன்னு போலீஸ்காரங்க குறுக்கால கயிறு கட்டிட்டாங்க. இந்தாண்டயே நிறுத்திட்டீங்கன்னு நெனச்சிகினு கீறேன்."

அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்த பெயர் செல்வி. ஒருமுறை இல்லை, நான்கைந்து முறை. என் சொந்த மகளைக் காணவில்லை, நான் படத்துப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த அக்காதான் என் கையை அழுத்தி, "பவின்னு கூப்டுங்க" என்றார். பிறகு பவி, பவித்ரா, பவி என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் ஓடிவரவில்லை. விதி பொய்க்காது என்று நம்பியிருந்ததால், அவள் காது கேட்கிற தூரத்தில் இல்லை என்று முடிவு செய்தேன். மாடிக்குப் போன் போட்டேன். அத்தனை ஜனத்துக்கு நடுவே லைன் கிடைக்கவில்லை.

கயிற்றருகே இருந்த போலீஸ்காரரிடம் ஓடினேன்.

"இன்னா அடையாளம்?"

"மொட்டை. தலைல சந்தனம். மஞ்ச கவுனு. ஏழு வயசு."

அவர் தெருவைக் காட்டினார். தகப்பன்களின் தோளில், தாய்களின் இடுப்பில், தரையில், எங்கு பார்த்தாலும் மொட்டை, சந்தனம், மஞ்சள். "வேற எதுனா சொல்லுங்க" என்றார். எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. காலையில் அவளுக்குச் சந்தனம் பூசியவனே நான்தான். தலை முழுக்கச் சீராக இருக்கிறதா, வெயிலில் பளபளக்குமா என்றுதான் பார்த்திருந்தேன்.

அக்காவைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தேடச் சொல்லிவிட்டு அறிவிப்புப் பந்தலுக்கு ஓடினேன். மைக் பிடித்தவர் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"மறுபடியுமா? எத்தினி தபா எடுப்பீங்க?"

"ஐயா, இப்ப நெசம்ங்க. எம் பொண்ணைக் காணோம்."

"ஆங், காலையிலயும் இதான் சொன்ன. கேமரா எங்க வச்சிகீறீங்க? ஒரு பாட்டியம்மா மெய்யாலுமே தொலஞ்சி போய் அவங்க புள்ள தேடிகினு கீறாரு. நவுருய்யா."

நான் அழுதேன். காலையில் அழுத அதே அழுகை. அதே இடத்தில் குரல் உடைந்தது. அவர் காலைத் தொடப் போனேன், காலையில் அதையும் செய்திருந்தேன். என்னிடமிருந்த நிஜம் முழுவதையும் இரண்டு டேக்கில் அவருக்குக் காட்டி முடித்திருந்தேன். இனி நான் எதைச் செய்தாலும் அது நடிப்புதான்.

அப்போது ஒரு விஷயம் மட்டும் தெளிவாகப் புரிந்தது. இதை இன்றைக்கும் துணிந்து சொல்வேன், அந்த நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. நான் பேசக் கூடாது, எங்கள் படத்துக்குள் இல்லாத ஒருவர் பேச வேண்டும். அழுகையை நிறுத்தினேன். பந்தலில் கம்பி இழுத்து வைத்திருந்த போனைக் காட்டி, "என் வீட்டு நம்பர் சொல்றேன். என் சம்சாரம் எடுப்பாங்க. எங்கிட்ட குடுக்காதீங்க, நீங்களே பேசுங்க" என்றேன்.

அவர் போனைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எண்ணை அழுத்தினார்.

"அம்மா, அடிவாரத்துல பந்தல்லர்ந்து பேசறேன். உங்க வீட்டுக்காரரு வந்துகீறாரு. பாப்பாவ காணோம்ன்றாரு." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அவர் முகம் மாறியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். "இல்லம்மா. அழுவாதீங்க. அடையாளம் சொல்லுங்க. ஆங். சோத்தாங்கை பக்கம் காதுக்குப் பின்னாடி மச்சம். ஆங். நானே சொல்றேம்மா, நீங்க வைக்காதீங்க."

மைக்கை எடுத்தார். "பவித்ரா. பவித்ரா பாப்பா. உங்க அம்மா உன்ன மைக்குகிட்ட வரச் சொல்றாங்க. அம்மா கூப்டறாங்க கண்ணு."

நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை சொல்லும்போது காவடிக்காரர் ஒருவரின் விரலைப் பிடித்துக்கொண்டு என் மகள் பந்தலுக்குள் வந்தாள். கன்னத்தில் சந்தனம் வழிந்து கோடு கோடாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கட் சொல்லிட்டாங்களா நைனா?"

மைக் பிடித்தவர் போனில், "வந்துட்டாம்மா" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏம்ப்பா" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

கையை விட்டதிலிருந்து அதுவரை நாற்பது நிமிடம். அத்தனை நேரமும் இயக்குநர் மாடியிலேயே இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் தேடிக்கொண்டே ஓடி ஷாட்டை நீட்டுகிறேன், திரும்பி வருவேன் என்று நினைத்திருக்கிறார். சின்னப் படங்களில் நல்ல நடிகர்கள் அப்படி நீட்டுவதுண்டு. நான் அடிக்கடி நீட்டுவேன், அதற்காகவே என்னைக் கூப்பிடுவார்கள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பவி பள்ளிக்குப் போயிருந்தாள்.

"சார், இது நடிப்பில்லன்னு எனக்குத் தெரியும். உங்க ரெண்டு பேரையும் கேக்காம வச்சிக்கவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன். பாத்துட்டு சொல்லுங்க" என்றார்.

பார்த்தோம். திரையில் நான் கத்திக்கொண்டிருந்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தொழில்காரர்களாகிய உங்களிடம் மறைப்பதற்கில்லை. நன்றாக இருந்தது. அப்படி ஒரு காட்சியை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. என் மனைவி முழுதாகப் பார்த்தாள். இரண்டாம் முறை போடச் சொன்னாள். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"புள்ளையக் காணோம்னு தேடறவன் நாலு பக்கமும் பாப்பான். நீ ஏன் பாவா இந்தப் பக்கத்தையே பாத்துகினு கூவுற?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு தெரிந்தது. லுங்கி அட்டைக்காக நின்ற காலத்திலேயே ஊறிப்போன பழக்கம் அது. எங்கே நின்றாலும், எந்தப் பக்கம் பேசினாலும், கேமராவுக்கு முகம் கிடைக்கிற மாதிரி உடம்பைத் திருப்பி வைத்துக்கொள்வது. திரையில் நான் இடம் பார்க்கிறேன், வலம் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் கழுத்து மட்டும் திரும்புகிறது. நெஞ்சு மாடியை விட்டு நகரவில்லை. பவி என்று சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தும்போதும் மாடியைப் பார்த்துதான் கத்துகிறேன். ஓடிப்போகும் வரை பின்னால் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"இது யாரு?" என்றாள் மனைவி.

அவள் விரல் திரையில் என் தோளுக்கு மேல் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் பதினைந்தடி தூரத்தில் ஒரு குடிநீர்த் தொட்டி. அதன் மேடை மேல், தொட்டிக்குப் பின்னாலிருந்து, கலங்கலாக ஒரு மொட்டைத் தலையும் மஞ்சள் துணியும் எட்டிப் பார்த்தன. கயிறு கட்டியதால் வளையல் கடைக்குப் போக முடியாமல், ஒளிந்துகொள்ள வேறு இடம் பார்த்திருக்கிறாள். நான் செல்வி என்று கத்திய நேரம் முழுக்க அங்கேயே இருந்தாள். பவி என்று கத்தியபோதும் அங்கேதான் இருந்தாள். நான் பந்தலைத் தேடி ஓடிப்போன பிறகு, நான் இல்லாத திரையில் அந்த மஞ்சள் மட்டும் மிச்சம் இருந்தது.

இயக்குநர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

"இத பாப்பா பெரியவளாயி பாக்கக் கூடாது" என்றாள் என் மனைவி. "அவ பின்னாடி கீறா, அவங்கப்பன் முன்னாடி பாத்துகினே நிக்கிறான். இத அவ பாக்கக் கூடாதும்மா. அழிச்சிடு."

இயக்குநர் அங்கேயே அழித்தார். படத்தில் தேடுகிற காட்சியைப் பின்னால் திருத்தணி பஸ் நிலையத்தில் நான் தனியாக நடித்துக் கொடுத்தேன். சுமாராகத்தான் வந்தது. அதனால் படம் ஒரு படி குறைந்தே இருக்கிறது. பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவும் செய்தார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்குப் பிறகு வந்த படங்களை ஒப்புக்கொள்ளவில்லை. கேமரா முன்னால் நின்றால் ஞாபகமெல்லாம் முதுகுப் பக்கம் போனது. அப்படிப்பட்டவனால் நடிக்க முடியாது.

இன்றும் சென்னைக்குப் போகிற ரயிலில், பவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், ஏதாவது அறிவிப்பு கேட்டால் என் கை போய் அவள் தோளைப் பிடிக்கிறது. அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. "எல்லாம் பாக்கறாங்க நைனா, கைய எடு" என்பாள்.

இதிலிருந்து நான் வகுப்பில் சொல்லிவந்த விதிகள் உங்களுக்குத் தெரியும். நிஜ ஆபத்து வந்தால் சொல்வதற்குக் கதைக்குள் இல்லாத ஒரு சொல்லை எல்லோரும் முன்கூட்டி ஒப்புக்கொள்ளுங்கள். குழுவுக்கு வெளியே ஒருவரின் போன் நம்பர் எல்லோரிடமும் இருக்கட்டும். குழந்தை நடித்தால் அதன் கையை விடாத ஒருவர் வேண்டும், அவருக்கு வேறு வேலை தரக் கூடாது. இவையெல்லாம் சரி. மாற்றிக்கொள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். சரியான சொல்லைச் சொன்னால் போதும் என்றேன். மேளச் சத்தத்தில் என் குரல் எட்டவில்லை, மைக்கின் சத்தம் எட்டியது, அதனால்தான் வந்தாள் என்று ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு எழுதப் போவதால், அழித்துவிட்ட அந்தக் காட்சியைப் பற்றி அவளுக்கும் தெரியட்டும் என்று போன வாரம் பவியை உட்காரவைத்துச் சொன்னேன். மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். என் பின்னாலேயே அவள் இருந்தாள், நான் திரும்பவில்லை, நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவும் இல்லை என்றேன்.

"கேட்டுச்சே" என்றாள்.

"செல்வின்னு கூப்ட்டதா?"

"அதுவும் கேட்டுச்சி. பவின்னு கூப்ட்டதும் கேட்டுச்சி."

"பவின்னு கூப்ட்டா வரணும்னு தானே சொல்லியிருந்தேன்?"

கணக்கு நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற முகம் இல்லை. தெரியாத ஒன்றை விளக்குகிற முகம்.

"நீ கேமரா பக்கம் திரும்பி நின்னுகினு இருந்த நைனா. ஷாட்டு போயிகினு கீதுன்னு நெனச்சேன். பேரு மாத்திட்டீங்க போலன்னு இருந்துட்டேன். அப்புறம் நீ கேமராவுக்கு முதுகு காட்டிகினு ஓடின பாரு, அப்பதான் நெசமா இருக்குமோன்னு தோணிச்சி. நைனா நைனான்னு கத்தினேன். நீ அதுக்குள்ள போயிட்ட."